சாட்சிக் கூண்டில் அக்கா கேட்ட கேள்வி

நடந்தது எதையும் கூட்டாமல் குறைக்காமல் இந்த நோட்டில் எழுதிவைக்கப் போகிறேன், அக்கா. என்மேல் தவறு வரும் இடத்திலும் அப்படித்தான். நீ இல்லை என்பதற்காக நான் தப்பித்துக்கொள்ளக் கூடாது.

விடுமுறை முடிந்து இன்று மதியம் வேலூர் ஹாஸ்டலுக்குத் திரும்பினேன். பெட்டியைத் திறந்து பாவாடைகளை அலமாரியில் அடுக்கிக்கொண்டிருந்தபோது, பக்கத்துக் கட்டிலுக்குப் புதிதாக வந்திருக்கும் பெண் மூக்கைப் பொத்திக்கொண்டாள். "ஏய், இன்னா உன் பெட்டியில? எதுனா புளிச்சுப் போச்சா?" என்றாள். நான் குனிந்து மோந்து பார்த்தேன். சோப்பு வாசனைதான் வந்தது. "எங்க ஊரு ஆம்பூர்" என்றேன். அவளுக்கு அது பதிலாகத் தெரியவில்லை. உனக்குத் தெரிந்திருக்கும்.

நீ குடியாத்தத்தில் தறிக்காரர் வீட்டில் பிறந்தவள். கல்யாணமாகி எங்கள் பக்கத்து வீட்டுக்கு வந்த முதல் மாதம் முழுக்க முந்தானையை மூக்கிலிருந்து எடுக்கவே இல்லை. "இன்னாடி ஊரு இது, சோத்துல கூட புளிச்ச வாடை அடிக்குது" என்பாய். உன் வீட்டுக்காரர் தோல் பதனிடும் ஷாப்பில் தொட்டி வேலை செய்பவர். ஆவாரம்பட்டை ஊறிய தண்ணீரில் இடுப்புவரை நின்று தோல்களைப் புரட்டிவிட்டு வருவார். அவர் வாசலில் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டாலே நீ கொல்லைப்பக்கம் போய்விடுவாய். "நீ வர்றதுக்கு முன்னாடி உன் வாடை வந்துடுது" என்று உள்ளேயிருந்து கத்துவாய். "எந்த வாடை?" என்று அவர் கேட்பார். வேடிக்கைக்காகக் கேட்கவில்லை. அவருக்கு உண்மையிலேயே தெரியாது. எனக்கும் தெரியாது. ஆம்பூரில் பிறந்த எங்கள் யாருக்குமே தெரியாது.

எனக்கு அப்போது பதின்மூன்று வயது, எட்டாம் வகுப்பு. உன் அம்மாவுக்கு நீ சொல்லச் சொல்லக் கடிதம் எழுதித் தருவது என் வேலை. விபத்து நடந்த அன்றைக்கும் கடிதத்தைத் தபாலில் போடத்தான் இரண்டு பேரும் போனோம். மதியம் மூன்று மணி இருக்கும். ரயில்வே கேட்டைத் தாண்டி ரோடு வளையும் இடத்தில் நீ எனக்கு இரண்டடி முன்னால் நடந்துகொண்டிருந்தாய். கார் வந்த சத்தம் கேட்டதே தவிர ஹாரன் கேட்கவில்லை. திரும்பிப் பார்ப்பதற்குள் நீ ரோட்டோரத்தில் கிடந்தாய். இடது கால் முழங்காலுக்குக் கீழே வேறு பக்கம் திரும்பியிருந்தது. நீ கத்தவில்லை. "கடுதாசி எங்க?" என்று கேட்டாய்.

காரை ஓட்டிவந்தவர் வேறொரு தோல் ஷாப் முதலாளியின் டிரைவர். இறங்கி ஓடிவந்து உன்னைத் தூக்கி மடியில் போட்டுக்கொண்டு, "யா அல்லா, நான் பாக்கலியே, நான் பாக்கலியே" என்று அழுதார். அவர் சட்டையும் வேட்டியும் நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தன. அன்று தொட்டிக்கு ஆள் கம்மி என்று முதலாளி அவரையும் தோல் இழுக்க இறக்கிவிட்டிருக்கிறார். அதற்குள் மெட்ராஸ் வண்டியில் வியாபாரி வரும் நேரமாகிவிட, உடை மாற்றக்கூட விடாமல் ஸ்டேஷனுக்கு விரட்டியிருக்கிறார். இதெல்லாம் பிறகு தெரிந்தது. அன்று நாங்கள் பார்த்தது, பதறிப்போன ஒரு மனிதரை மட்டும்தான்.

சப்-இன்ஸ்பெக்டர் தெற்கே எங்கிருந்தோ மாற்றலாகி வந்து மூன்றே நாள் ஆகியிருந்தது. வந்ததும் டிரைவரின் காலரைப் பிடித்து இழுத்தார். உடனே முகத்தைத் திருப்பிக்கொண்டு, "குடிச்சிருக்கியாலே?" என்றார். சுற்றி நின்றவர்கள், "இல்ல சார், ஒரு வாடையும் இல்ல சார்" என்று ஒரே குரலில் சொன்னார்கள். அவர் அவர்களையும் சந்தேகத்தோடு பார்த்தார். அரசாங்க டாக்டர் அன்று கிராமத்து முகாமுக்குப் போயிருந்தார். மறுநாள் காலையில்தான் டிரைவரைப் பரிசோதித்தார். அப்போது சோதிப்பதற்கு ஒன்றும் மிஞ்சியிருக்காது.

உன்னை வேலூர் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். மறுநாள் சாயங்காலம் அந்த சப்-இன்ஸ்பெக்டர் வாக்குமூலம் எழுத வார்டுக்கு வந்தார். வலிக்கு ஊசி போட்டிருந்ததால் நீ கண்ணை மூடிக்கொண்டே பேசினாய். நான் உன் தலைமாட்டில் நின்றேன். இனி வருவதைத்தான் எழுத வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

"அவன் உன்னத் தூக்குனப்ப ஏதாவது வாடை அடிச்சுதாம்மா?" என்று கேட்டார்.

"அடிச்சுது சார். அந்தப் புளிச்ச வாடைதான்."

"எப்படிப் புளிச்ச வாடை?"

நீ அதற்குள் தூங்கிவிட்டாய் என்று நினைக்கிறேன். அவர் பேனாவைப் பிடித்தபடி காத்திருந்தார். நான் ஒரு கதைப் புத்தகத்தில் படித்த வரி எனக்கு ஞாபகம் வந்தது. "புளித்த கள்ளின் வாசனை போல இருந்தது என்று அக்கா சொல்கிறார் சார்" என்றேன். அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்து, "நல்லாச் சொன்ன பாப்பா" என்று எழுதிக்கொண்டார். பிறகு படித்துக் காட்டினார். நீ தலையை ஆட்டினாய். கையெழுத்து வாங்கவில்லை.

நல்லாச் சொன்ன என்ற அந்த இரண்டு வார்த்தைக்காக அன்று முழுவதும் சந்தோஷமாக இருந்தேன், அக்கா. மறைக்காமல் எழுதுகிறேன்.

நீ மாவுக்கட்டோடு வீடு திரும்பிய பிறகு ஒருநாள் டிரைவரின் மனைவி வந்தாள். கறுப்புத் துப்பட்டியை நீக்கிவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள். ஒரு கட்டு முருங்கைக்கீரையை உன் பக்கம் தள்ளினாள். நீ அதைத் தொடவில்லை.

"காலை ஒடச்சாரு. அதுக்கு நீ அவரை அடி, திட்டு, நான் நின்னு பாத்துனு இருக்கேன்" என்றாள். "ஆனா குடிச்சாருன்னு ஏன் தங்கச்சி சொன்ன? அஞ்சு வேளை தொழுவுறவரு. இப்ப பள்ளிவாசல்ல பக்கத்துல நிக்கிறதுக்கு யோசிக்கிறாங்க. மதுவிலக்கு கேஸ்ல உள்ள போனா இனிமே யாரு அவர்கிட்ட வண்டிய குடுப்பாங்க?"

"நான் எப்ப சொன்னேன்?" என்றாய் நீ.

"கள்ளு வாடைன்னு நீதான் எழுதிக் குடுத்தியாம். ஸ்டேஷன்ல படிச்சுக் காட்டினாங்க."

"கள்ளா? நான் எதுக்கு கள்ளுன்னு சொல்றேன்?"

உங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் உட்கார்ந்து நான் கீரையை ஆய்ந்துகொண்டிருந்தேன். வாயைத் திறக்கவில்லை. அவள் போன பிறகும் திறக்கவில்லை.

உன் வீட்டுக்காரருக்கு வேறு கணக்கு இருந்தது. "எழுதினது எழுதினபடி இருக்கட்டுமே. குடிச்சிருந்தான்னா நஷ்டஈடு ஜாஸ்தி வரும்னு பஜார்ல சொல்றாங்க" என்றார். "நாளைக்கு நீ நொண்டினு நின்னா அவன் பொண்டாட்டியா வந்து தண்ணி தூக்குவா?"

நீ கட்டிலில் இருந்தபடியே அவர்மேல் விசிறியை எறிந்தாய். "காலை ஒடச்சதுக்கு உள்ள போவட்டும். குடிக்காததுக்கு ஏன் போவணும்? என் பேரை சொல்லி ஒருத்தனைப் பொய்யா உள்ள தள்ளிட்டு, நான் எப்படி தூங்குறது?" என்றாய். அந்த வாரமே வக்கீலைப் பார்ப்பது என்று முடிவாயிற்று. படிக்கத் தெரிந்தவள் என்பதால் என்னையும் கூட்டிப்போனாய்.

வக்கீலின் ஆபீஸ் வேலூர் லாங் பஜாரில், ஒரு மிளகாய் மண்டிக்கு மேல் மாடியில் இருந்தது. அக்குள் கட்டைகளை ஊன்றிக்கொண்டு நீ படியை நிமிர்ந்து பார்த்ததை அவர் ஜன்னலிலிருந்து பார்த்துவிட்டு, கோட்டுகூடப் போடாமல் கீழே இறங்கி வந்தார். மண்டிக்குள்ளேயே மூட்டைகளின்மேல் நம்மை உட்காரவைத்துத் தானும் ஒன்றில் உட்கார்ந்தார். நீ தும்மினாய். உன் வீட்டுக்காரர் தும்மினார். நான் தும்மியதில் பென்சில் கீழே விழுந்தது.

"ஏம்மா, மூணு பேருக்கும் சளியா?" என்றார் வக்கீல்.

"மிளகாய் நெடி சார்."

"நெடியா? எங்க?" என்று சுற்றிலும் பார்த்தார். மூட்டை தூக்குபவர்கள் சிரித்தார்கள். "பதினெட்டு வருஷமா மேல கீறாரு, அவருக்கு ஒண்ணும் தெரியாது" என்றான் ஒருவன்.

பிறகு நாள் கேட்டார். விபத்து நடந்து ஐம்பத்திரண்டு நாள் என்றேன். "நஷ்டஈட்டு மனு அறுபது நாளுக்குள்ள போடணும். இன்னும் பத்து நாள் படுத்திருந்தா காலும் போய், கேஸும் போயிருக்கும்" என்றார். எக்ஸ்ரே படம், மருந்துச் சீட்டு, ஒன்றையும் தொலைக்கக் கூடாது. யார் வந்து கேட்டாலும் எந்தத் தாளிலும் கைநாட்டு வைக்கக் கூடாது. நான் எல்லாவற்றையும் நோட்டில் எழுதினேன். "இந்த பாப்பா எனக்கே ஃபீஸ் கேக்கும்போல இருக்குதே" என்றார்.

"குடிச்சிருந்தான்னா ஜாஸ்தி குடுப்பாங்களாமே சார், பஜார்ல சொல்றாங்க" என்றார் உன் வீட்டுக்காரர்.

"பஜார்ல மிளகாய் நல்லதா கிடைக்கும்யா. சட்டம் கிடைக்காது. அவன் குடிச்சிருந்தாலும் குடிக்காட்டியும் உன் பொண்டாட்டி கால் ஒரே கால்தான். வேகமா வந்தானா, ஹாரன் அடிச்சானா, இந்தம்மா ரோட்டுல எந்தப் பக்கம் நடந்தாங்க, இதான் நம்ம கேஸு. நஷ்டஈடு குடுக்க வேண்டியது இன்ஷூரன்ஸ் கம்பெனி. குடிச்ச கேஸு போலீஸோடது. அது வேற, இது வேற."

நீ கேட்டாய்: "நான் சொன்னது ஒண்ணு, எழுதினது ஒண்ணு சார். அதை மாத்த முடியுமா?"

"மாத்தவே வேணாம். போலீஸ்கிட்ட சொன்னது சாட்சி ஆகாது. கூண்டுல ஏறி ஜட்ஜ் முன்னாடி சொல்றதுதான் சாட்சி. கேட்டதுக்கு பதில் சொல்லுங்க. பதிலைப் பாதியில நிறுத்தினாங்கன்னா, 'இன்னும் கொஞ்சம் இருக்குதுங்க அய்யா'ன்னு சொல்லுங்க. யாரும் வாயை மூடுன்னு சொல்ல முடியாது." பிறகு கொஞ்சம் யோசித்தார். "அது சரி, நீங்க சொல்லலேன்னா கள்ளுன்னு சொன்னது யாரு?"

நீ என்னைப் பார்க்கவில்லை. அதுவரை உனக்குத் தெரியாது. "நான் சார்" என்றேன்.

"நீ கள்ளு மோந்து பாத்திருக்கியா?"

"இல்லைங்க சார். எனக்கு நினைவு தெரிஞ்சதுலேருந்து மதுவிலக்குதான். புத்தகத்துல படிச்சேன்."

அவர் சிரித்த சிரிப்பில் மண்டியே திரும்பிப் பார்த்தது. ஆனால் சட்டென்று நிறுத்திவிட்டார். "இதுல ஒரு ஆளோட பொழைப்பு இருக்குது பாப்பா" என்றார். "ஊர்க்காரங்க எல்லாரும் வாடையே இல்லேன்னு சாட்சி சொல்வாங்க. போலீஸ் ஆபீசர் வாடை அடிச்சுதுன்னு சொல்வாரு. ஜட்ஜ் யாரை நம்புவாரு?"

"ஊர்க்காரங்க பொய் சொல்லலை சார். எங்களுக்குத் தெரியாது. உங்களுக்கு இந்த நெடி தெரியாத மாதிரி" என்றேன்.

அவர் மூட்டையிலிருந்து ஒரு மிளகாயை எடுத்து உடைத்து மூக்கருகில் பிடித்தார். நெடுநேரம் பிடித்திருந்தார். "ஆமாம்" என்று மட்டும் சொன்னார்.

திரும்பிவரும் பஸ்ஸில் நீ என் பக்கத்தில் உட்காரவில்லை. விரிஞ்சிபுரம் கோபுரம் தெரிந்தபோது வழக்கமாக என்னைத் தொட்டுக் காட்டுவாய். அன்று காட்டவில்லை.

கோர்ட்டில் கேஸ் வர ஏழு மாதம் ஆனது. நீ ஒற்றைக் கட்டையோடு நடக்க ஆரம்பித்திருந்தாய். மாஜிஸ்திரேட் கோயம்புத்தூர்ப் பக்கத்துக்காரர். வேலூருக்கு வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. ஆம்பூரிலிருந்து சாட்சிக்கு வந்தவர்களும் வேடிக்கை பார்க்க வந்தவர்களுமாகக் கூடம் நிறைந்துவிட்டது. பாதிப் பேர் ராத்திரி வேலை முடித்து நேராக பஸ் ஏறியவர்கள். உன் வீட்டுக்காரரும் அப்படித்தான் வந்திருந்தார். டிரைவர் கைகட்டி நின்றார். அவர் மனைவி வெளியே வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தாள்.

கடைக்காரர் ஒருவர், ரயில்வே கேட்மேன் ஒருவர், இன்னும் இரண்டு பேர். எல்லோரும் "ஒரு வாடையும் இல்லீங்க" என்றார்கள். சர்க்கார் தரப்பில் கேஸை நடத்திய வேறொரு போலீஸ் இன்ஸ்பெக்டர் ஒவ்வொரு முறையும் மாஜிஸ்திரேட்டைப் பார்த்து லேசாகச் சிரித்தார். பிறகு உன்னைக் கூப்பிட்டார்கள். ஸ்டூல் போடச் சொன்னார் மாஜிஸ்திரேட். நீ வேண்டாம் என்றாய்.

கார் வேகமாக வந்ததையும் ஹாரன் அடிக்காததையும் சொன்னாய். அதில் டிரைவருக்காக ஒரு சொல்லைக்கூடக் குறைக்கவில்லை.

"உன்னைத் தூக்கும்போது அவன்மேல் புளித்த வாடை அடித்ததா?"

"அடிச்சுதுங்க."

"போதும்" என்றார் இன்ஸ்பெக்டர்.

"இன்னும் கொஞ்சம் இருக்குதுங்க அய்யா" என்று நீ மாஜிஸ்திரேட்டைப் பார்த்தாய். அவர் தலையை அசைத்தார். "அது எங்க ஊரு வாடைங்க. பட்டைத் தொட்டி வாடை. அவரு நனைஞ்ச துணியோட இருந்தாரு. என் வூட்டுக்காரர்மேல தெனம் அடிக்கிற வாடைதாங்க அது."

"போலீஸாரிடம் கள் வாடை என்றாயே?"

"நான் சொல்லலீங்க."

"பின்னே யார் சொன்னது?"

நீ கூண்டுக் கம்பியையே பார்த்துக்கொண்டு நின்றாய். என் பக்கம் திரும்பவே இல்லை. என் பெயரைச் சொல்லாமல் அப்படியே நின்றுவிடப் போகிறாய் என்று எனக்குப் புரிந்தது. பெஞ்சிலிருந்து எழுந்து, "நான்தான் சார் சொன்னேன்" என்றேன். குரல் நான் நினைத்ததைவிடப் பெரிதாக வந்துவிட்டது.

"எத்தனாவது படிக்கற கண்ணு?" என்று கேட்டார் மாஜிஸ்திரேட்.

"ஒன்பதாவது சார். அப்போ எட்டாவது."

"உண்மை சொல்லணும்னு தெரியுமா?"

"தெரியும் சார். அன்னிக்கும் தெரியும். கள்ளு வாசனை எப்படி இருக்கும்னுதான் தெரியாது. தெரிஞ்சவ மாதிரி சொல்லிட்டேன்."

கூடத்தில் யாரோ சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. என் பெயரையும் அதையும் எழுதிக்கொள்ளச் சொல்லிவிட்டு, உட்காரச் சொன்னார்.

இன்ஸ்பெக்டர் விடவில்லை. "சரியம்மா. தினமும் உன் புருஷன்மேல் அடிக்கிற வாடை என்கிறாய். இதோ உன் புருஷன் இங்கேதான் நிற்கிறார். நேராக வேலையிலிருந்து வந்தவர். இப்போது அடிக்கிறதா?"

உன் வீட்டுக்காரரைக் கூண்டருகே வரச் சொன்னார்கள். அவர் வெட்கத்தோடு வந்து நின்றார். நீ குனிந்து மூச்சை இழுத்தாய். மறுபடியும் இழுத்தாய். உன் முகம் மாறியதை நான் பார்த்தேன். அந்த ஏழெட்டு மாதத்தில் நீயும் எங்களில் ஒருத்தி ஆகிவிட்டிருந்தாய். வாடை தெரிவது எப்போது நின்றது என்று உனக்கே தெரிந்திருக்காது. முந்தானையை நீ மூக்குக்குக் கொண்டுபோய் எத்தனையோ நாளாகிவிட்டதை நானும் அப்போதுதான் நினைத்துப் பார்த்தேன்.

அடிக்கிறது என்று ஒரு வார்த்தை சொன்னால் டிரைவர் தப்பித்துவிடுவார். யாரும் உன் மூக்குக்குள் புகுந்து பார்க்க முடியாது.

"இல்லீங்க" என்றாய். "வந்த புதுசுல அடிச்சுது. இப்ப எனக்குத் தெரியலீங்க."

இன்ஸ்பெக்டர் உட்கார்ந்துவிட்டார். டிரைவர் கண்ணை மூடிக்கொண்டார். நீ கூண்டைவிட்டு இறங்கவில்லை.

"இன்னும் ஒண்ணு இருக்குதுங்க அய்யா. நீங்க ஊருக்குப் புதுசு. உங்களுக்குத் தெரியுதுங்களா?"

சேவகன் பதறி, "கேள்வியெல்லாம் கேக்கக் கூடாதும்மா" என்றான். மாஜிஸ்திரேட் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

"சாட்சி கோர்ட்டைக் கேள்வி கேக்கறது வழக்கமில்லீங்க" என்றார். "இருந்தாலும் சொல்றேன். காலையில பத்து மணியிலிருந்து தெரியுது. மரியாதைக்காகத்தான் பேசாம இருந்தேன்." பிறகு சேவகன் பக்கம் திரும்பி, "ரெண்டு பக்கத்து ஜன்னலையும் திறப்பா" என்றார்.

நம் ஊர்க்காரர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கேட்மேன் தன் சட்டைக் கையை மெல்ல மோந்து பார்த்தார்.

குடித்த குற்றம் நிரூபணமாகவில்லை என்று தீர்ப்பானது. வேகமாகவும் கவனமில்லாமலும் ஓட்டியதற்கு ஒரு மாதச் சிறை, ஒரு வருஷத்துக்கு லைசென்ஸ் ரத்து. டிரைவரை அழைத்துப் போகும்போது அவர் மனைவி ஓடிவந்து உன் கையைப் பிடித்துக்கொண்டாள். நீ கையை விலக்கவும் இல்லை, அவளைத் தேற்றவும் இல்லை. "ஒரு மாசம் என் காலுக்கு கம்மிதான்" என்றாய். அவள் அழுகையிலேயே சிரித்துவிட்டாள். "கம்மிதான் தங்கச்சி" என்றாள்.

அன்று பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்தாய். "என்மேல கோவமாக்கா?" என்று கேட்டேன்.

"இருந்துது. கால் வலியவிட அது ஜாஸ்தி பேஜாரா இருந்துது" என்றாய். "கள்ளுன்னு சொன்னதுக்கு இல்ல. அவ வந்து அழுவுறப்போ கீரை ஆஞ்சினு இருந்தே பாரு, அதுக்கு." பிறகு, "இன்னிக்கு எழுந்து நின்ன. சரியாப் போச்சு" என்றாய்.

நஷ்டஈடு அடுத்த வருஷம் வந்தது. வக்கீல் சொன்னபடி குடித்த கேஸுக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இருக்கவில்லை. நீ கையால் சுற்றும் தையல் மெஷின் வாங்கினாய். இடது கால் கடைசிவரை கொஞ்சம் குட்டையாகத்தான் இருந்தது.

போன ஐப்பசியில் உனக்குக் காய்ச்சல் வந்ததும், நான்கே நாளில் நீ போய்விட்டதும் எனக்கு ஹாஸ்டலுக்கு வந்த தபால் கார்டில்தான் தெரிந்தது. பரீட்சை என்று என்னைக் கூப்பிடவில்லையாம். உன் வீட்டுக்காரர் யாரிடமோ எழுதி வாங்கி அனுப்பியிருந்தார். நீ பசுவைப் போல் சாதுவானவள், பூமாதேவியைப் போல் பொறுமைசாலி என்று அதில் இருந்தது. பாவம், அவருக்குப் படிக்கத் தெரியாது. நான் பென்சிலால் அந்த இரண்டு வரியையும் அடித்தேன். விசிறியை எறிந்தவள் நீ. புளியங்காய் பங்கு பிரிக்கும்போது என்னை ஏமாற்றியவள். ஒரு பொய்யால் காப்பாற்றியிருக்கக்கூடிய மனிதரை, பொய் சொல்லாமலே காப்பாற்றியவள்.

அடுத்த வருஷம் பி.யூ.சி. சேருவேன். அதற்குப் பிறகு சட்டம் படிக்கப் போகிறேன். அப்பா சிரிக்கிறார், சிரிக்கட்டும். எதை எழுத உட்கார்ந்தாலும், இதை நான் பார்த்தேனா, எங்கேயாவது படித்தேனா என்று முதலில் கேட்டுக்கொள்கிறேன். பாதியில் யாராவது போதும் என்றால், இன்னும் கொஞ்சம் இருக்கிறது என்று சொல்ல எனக்குத் தெரியும். இந்த இரண்டும் உன்னிடமிருந்து வந்தவை. இவற்றோடு போய்க் கூண்டின் எந்தப் பக்கத்திலும் என்னால் நிற்க முடியும்.

இன்னும் கொஞ்சம் இருக்கிறது, அக்கா. ஆனால் வார்டன் அம்மா விளக்கை அணைத்துவிட்டார்.